வேவர் வீட்டுத் திரேசா அக்கா

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வீட்டு அழைப்புமணி அடித்தது. பிராங்பேர்ட்டில் நான் குடியிருக்கும் மூன்றாம் மாடிக்குச் சொல்லாமல் யாரும் வருவதில்லை. பொதி கொண்டு வருபவர்களும் ஞாயிறில் வரமாட்டார்கள். கதவைத் திறந்தேன். கறுப்புக் கோட்டும் கையில் தொப்பியுமாக ஒஸ்ட்காம்ப் நின்றார். திரேசா அக்காவின் பக்கத்து வீட்டு விவசாயி. எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக மூன்று மணிநேரம் கார் ஓட்டி வந்திருந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அவர்களின் கிராமத்தில் அயலவர் கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றால் அதற்கு ஒரே பொருள்தான்.

"வேவர் வீட்டுத் திரேசா நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்," என்று டொச் மொழியில் சொன்னார். "வியாழன் பத்து மணிக்கு அடக்கம். வீட்டின் சார்பில் உங்களை அழைக்கிறேன்."

சொல்லிவிட்டு அசையாமல் நின்றார். சாவுச் செய்தி கொண்டு வருபவருக்கு ஒரு சிறிய கிண்ணத்தில் சாராயம் ஊற்றிக் கொடுப்பது அங்குள்ள வழக்கம். அது கிடைக்கும்வரை அவரால் திரும்பிப் போகவும் முடியாது. என்னிடம் சாராயம் இல்லை. மிகச் சிறிய கோப்பையாகத் தேடி எடுத்து அப்பிள் சாறு ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே ஒரே மிடறில் குடித்துவிட்டு "நன்றி" என்றார்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"கனடாவிலுள்ள தம்பிக்குத் தொலைபேசியில்தான் சொன்னேன். அங்கே காரில் போக முடியாது. இங்கே முடியும்." தொப்பியைக் கையில் சுழற்றினார். "இன்னொன்றும் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில், வேவர் வீட்டு இடத்தில் அவரை அடக்க முடியாது என்கிறார்கள். தேவாலயப் பங்கு அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் உங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். அதன்படி திரேசா அந்த வீட்டைச் சேர்ந்தவர் இல்லையாம். அப்படியென்றால் வேலிக்கரையில் ஒரு தனிக்குழிதான். செவ்வாய் மாலை இதற்காகக் கூடுகிறார்கள். எழுதியவர் நீங்கள். நீங்கள் வந்து சொல்ல வேண்டும்."

"நானா?"

"வேறு யார்?"

அவர் படியிறங்கிப் போன பிறகு கோப்பையைக் கழுவி வைத்தேன். பிறகு மீண்டும் கழுவினேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் திரேசா அக்காவை ஆவணி மாதத்துக் கெவெலார் மாதா யாத்திரையில் அறிந்திருப்பீர்கள். பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்துகொண்டு ஜெபமாலையை எல்லோரையும்விட ஒரு சொல் முந்திச் சொல்பவர் அவர்தான். மீன் பணிஸ் பெட்டியை முன்னுக்கு அனுப்பிவிட்டு, வெறும் பெட்டி திரும்பி வந்ததும் "உள்ளுக்க ஒண்டும் விட்டு வைக்காத நல்ல சனம்" என்பார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால் "காட்டுக்குள்ள" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

அவர் மன்னார், பேசாலை ஆள். தம்பியோடு ஜேர்மனிக்கு வந்தார். தம்பி கனடாவுக்குப் போனார். அக்காவை அகதிகள் அலுவலகம் ஹம் நகரத்துக்கு அப்பால், பன்றிப் பண்ணைகளும் உருளைக்கிழங்கு வயல்களும் சூழ்ந்த ஒரு கிராமத்துக்கு அனுப்பியது. நூறு வீடு, ஒரு தேவாலயம், நாளைக்கு நாலு பஸ். அவரோடு அனுப்பப்பட்ட மற்றவர்கள் அனுமதி கிடைத்ததும் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இவர் பக்கத்துச் சிறுநகரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். கலியாணம் செய்யவில்லை. டோர்ட்முண்டுக்கு வந்திருக்கலாமே, அங்கே எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்களே என்று ஒருமுறை கேட்டேன். "அங்க ஆர் எனக்காகப் பாத்துக்கொண்டு இருந்தவை?" என்றார். அது புலம்பல் போல ஒலிக்கவில்லை. உண்மையாகவே யாராவது இருந்தார்களா என்று என்னிடம் விசாரிப்பது போலக் கேட்டார்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார், அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். நான் வரலாறு படித்தேன். அதை வைத்து என்ன வேலை எடுப்பாய் என்று உறவினர்கள் கேட்டார்கள். படித்து முடித்ததும் அந்தக் கிராமத்தின் ஆண்டுவிழாவுக்கு ஊர் வரலாற்றுப் புத்தகம் எழுதும் ஒரு வருட வேலை கிடைத்தது. பழைய மடமொன்றின் பத்திரத்தில் ஊரின் பெயர் முதன்முதலாக வருவதிலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு வீடாக, யார் இருந்தார்கள், யார் கட்டினார்கள், யார் இறந்தார்கள் என்று எழுத வேண்டும். பத்திரங்களோடு எனக்குப் பயமில்லை. வீடு வீடாகப் போய் மனிதர்களிடம் கேட்க வேண்டும் என்பதைத்தான் ஒப்பந்தத்தில் நான் சரியாக வாசிக்கவில்லை.

முதல் இரண்டு நாளும் முன்கதவு மணிகளை அடித்தேன். உள்ளே காலடிச் சத்தம் ஓடும், நெடுநேரம் தாழ்ப்பாளோடு போராடுவார்கள், கடைசியில் வெளிறிய முகமொன்று எட்டிப் பார்க்கும். ஒரு பெண் என் விளக்கத்தைக் கேட்காமலே "யார்?" என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். கதவு சாத்தப்பட்டது. மூன்றாம் நாள் எந்தக் கதவுக்கும் போகாமல் பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். எதிர்வீட்டு யன்னல் திறந்தது.

"பிள்ளை, தமிழோ?"

"ஓம் அக்கா."

"காலமையிலிருந்து பாக்கிறன். மூண்டு பஸ் போயிட்டுது, நீர் ஏறுறீர் இல்லை. பஸ்ஸோட என்ன கோவம்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"முன்கதவை அடிச்சனீரோ? இஞ்ச முன்கதவு கலியாணப் பொம்பிளைக்கும் சவப்பெட்டிக்கும்தான் திறக்கிறது. நீர் ரண்டும் இல்லை. குசினிப் பக்கத்தால போம். இல்லாட்டி ஆர் செத்தது எண்டுதான் கேப்பினம்."

அன்று பின்னேரமே என்னோடு நாலு வீட்டுக்குச் சமையலறைக் கதவால் வந்தார். எனக்காக அவர் பேசவில்லை. "புத்தகக்காரப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அந்த வீட்டுக்காரி உரித்துக்கொண்டிருந்த அவரைக்காயில் பாதியைத் தன் மடியில் எடுத்துக்கொண்டார். அந்த ஊர்ச் சனம் சும்மா இருந்து கதைக்கமாட்டார்கள். கையில் வேலை இருந்தால் கதைப்பார்கள், அதுவும் வேலையைப் பார்த்தபடி. நான் குறிப்புப் புத்தகத்தை மேசையில் விரித்து முகத்தைப் பார்த்தால் மூன்று சொல்லோடு நின்றுவிடும். அக்கா காய் உரித்தால் ஊரின் பாதி எரிந்துபோன பழைய தீயிலிருந்து, போர்க் காலத்தில் பண்ணைகளில் அடைத்து வேலை வாங்கப்பட்ட போலந்துக்காரரில் இருவர் எந்த மரத்தடியில் கிடக்கிறார்கள் என்பதுவரை வந்துவிடும். கடைசியாகச் சொன்னதை எந்தப் பத்திரத்திலும் நான் காணவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், எல்லோரும் அவரை "வேவர்" என்று கூப்பிட்டார்கள்.

அந்த ஊரில் மனிதரின் பெயர் வீட்டிலிருந்து வருகிறது. வேவர் என்றால் அவர்கள் பேச்சில் நெசவாளர், ஒரு காலத்தில் நெசவாளர் குடியிருந்த வீடு. அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டினாலும் அவர் வேவர்தான், அரசாங்கக் கடதாசியில் என்ன பெயர் இருந்தாலும். ஒஸ்ட்காம்ப் என்று நான் எழுதும் மனிதரின் கடவுச்சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அவர் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர். கடைசி நெசவாளர் வாரிசில்லாமல் இறந்து, வீடு நகரத்திலிருந்த தூரத்து உறவுக்காரருக்குப் போய், அவர் அதை அகதிகளுக்கு வாடகைக்கு விட்டபோது திரேசா அக்கா அதற்குள் வந்தார். மற்றவர்கள் போனார்கள், அவர் இருந்தார். தேவாலயச் சேமக்காலையில் உள்மதிலோடு ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் அடக்கம் செய்ய ஓரிடம் உண்டு. வேவர் வீட்டு இடத்தில் அக்காதான் புல் பிடுங்குவார், இறந்தோர் நாளில் மெழுகுதிரி கொளுத்துவார். அங்கே கிடப்பவர்களை "எங்கட ஆக்கள்" என்பார். "மூத்தவர் நல்ல குடிகாரனாம். மனுசி பாவம். தங்கச்சிக்காரிதான் சரியில்லை, ஒஸ்ட்காம்ப் வீட்டோட வழக்குக்குப் போனவள்." இருநூறு வருடத்துக்கு முந்திய தங்கச்சியை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

புது வீடுகளுக்குப் பெயர் கிடையாது. ஊர் விளிம்பில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய ஒரு தெரு இருக்கிறது. அங்கே ஷோல்ஸ் என்ற கிழவி இருக்கிறார். கிழக்கிலிருந்து, சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு, நாலு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்கு வந்தவர். எண்பதை நெருங்கிவிட்டார். இன்றும் அவருடைய வீட்டுக்கு வழி கேட்டால் "அகதிகளின் தெரு" என்றுதான் காட்டுகிறார்கள். அவர் அக்காவை வேலியில் பிடித்து வைத்துக்கொண்டு வம்பளப்பதை ஒருநாள் கேட்டேன். "நீ கப்பலோ விமானமோ ஏறி எங்கிருந்தோ வந்தாய், வேவர் ஆகிவிட்டாய். நான் இதே நாட்டின் கிழக்கிலிருந்து நடந்தே வந்தேன், இன்னும் அகதி." அக்கா தன் உடைந்த டொச்சில், "நீயும் வா, என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது," என்றார். "உன் கருவாட்டு வாசத்துக்குள்ளா? நான் அகதியாகவே சாகிறேன்."

கருவாட்டுக்கும் ஒரு வரலாறு இருந்தது. வந்த புதிதில் அக்கா யன்னலைத் திறந்து வைத்துக் கருவாடு பொரித்தார். ஒஸ்ட்காம்ப் தன் யன்னல்களை ஒவ்வொன்றாக, சத்தம் கேட்கும்படி அடித்துச் சாத்தினார். "அவற்ற பண்டி மணக்கேக்க நான் யன்னல் பூட்டினனானோ?" என்பது அக்காவின் கட்சி. இரண்டு வருடம் இரு வீடும் முகம் பார்க்கவில்லை. பிறகு ஒஸ்ட்காம்பின் மாமியார் இறந்தார். ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் தலைமுறைகளாக ஒரு முதல் அயல் வீடு உண்டு. சாவென்றால் முதல் அயல்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். இரு வீடும் வெட்டுப்பகையாக இருந்தாலும் அது மாறாது. ஒஸ்ட்காம்ப் வீட்டுக்கு முதல் அயல் வேவர் வீடு. ஒஸ்ட்காம்ப் அக்காவின் குசினிக் கதவில் வந்து நின்று, "வேவர் சுற்றி வர வேண்டும்," என்று மட்டும் சொன்னாராம். சொல்ல வேண்டிய வசனத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாராம்.

அக்கா சைக்கிளில் போனார். ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் துண்டைப் பார்த்து வாசித்தார், ஒவ்வொரு வீட்டிலும் கிண்ணம் வந்தது. மற்றவர்கள் உதட்டை நனைத்துவிட்டு மிச்சத்தைப் பூச்சாடியில் ஊற்றுவார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வாழ்நாளில் குடித்தறியாதவர். "செத்தவவுக்கு மரியாதையில்லாமப் போயிடும் எண்டு எல்லாத்தையும் விழுங்கினன் பிள்ளை. நாலாம் வீட்டில துண்டு துலைஞ்சுபோச்சு. வசனம் பாடமாகீட்டுது, பிரச்சினையில்லை. ஏழாம் வீட்டில சைக்கிள் துலைஞ்சுபோச்சு." ஒன்பதாம் வீடு பள்ளிக்கூட ஆசிரியருடையது. அங்கே செய்தியைச் சரியாகச் சொல்லிவிட்டு, கிண்ணத்தையும் முடித்து, வாசற்படியில் இருந்து மடு மாதா பாட்டொன்றை முழுவதும் பாடினாராம். ஒஸ்ட்காம்ப் வந்து உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றோடு யன்னல் சண்டை முடிந்தது. ஊருக்குள் அவர் வேவர் ஆனதும் அன்றுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் புத்தகத்தில் நான் செய்தது இது. வீட்டுப் பட்டியலில் வேவர் வீட்டுக்கு நேரே கடைசி நெசவாளரின் பெயரை எழுதி, "அதன்பின் வாடகைக்கு விடப்பட்டது" என்று முடித்தேன். புத்தகத்தின் கடைசியில் "வந்து சேர்ந்தவர்கள்" என்று ஓர் அதிகாரம் வைத்தேன். அதில் ஷோல்ஸ் கிழவிக்கு அரைப் பக்கம். அக்காவுக்கு முழுப் பக்கம், புகைப்படத்தோடு, தகப்பன் பெயரோடு, பேசாலையோடு. அதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பெண்ணொருத்தியின் முழுப்பெயர் ஒரு ஜேர்மன் ஊரின் வரலாற்றில் வருகிறது என்று அம்மாவிடமும் சொன்னேன்.

அச்சுக்கு முன் மாதிரித் தாள்களை ஊர் மண்டபத்தில் வைத்தார்கள். யாரும் வந்து பிழை பார்க்கலாம். அக்கா ஒரு பின்னேரம் முழுவதும் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"என்னை ஏன் வெளியில விட்டனி?"

"அக்கா, உங்களுக்கு முழுப் பக்கம் தந்திருக்கிறன்."

"ஓம். முழுப் பக்கம். வீட்டுக்கு வெளியில."

வீட்டுப் பட்டியல் உறுதிப் பத்திரங்களின்படி எழுதப்படுகிறது என்று விளக்கினேன். படித்த பிள்ளை பேசுவது போலப் பேசினேன். கடைசியில், "உங்கட சொந்தப் பேரை அழியாமக் காப்பாத்தியிருக்கிறன் அக்கா," என்றேன்.

"என்ர பேர் என்னட்ட இருக்கு. அதை ஆர் உன்னட்டக் கேட்டது?" அவர் கோபப்படவில்லை. "இந்தச் சனம் ஒரு வரியில எழுதிற இடத்தில நானும் ஒரு வரியில இருந்தாப் போதும். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில சொல்லு. உனக்கு ஏலாட்டி நான் வாறன்."

"நான் சொல்லுறன் அக்கா."

கூட்டம் மதுச்சாலையின் பின்னறையில் நடந்தது. ஏழு ஆண்கள், தலைவர் ஓய்வுபெற்ற அதே பள்ளிக்கூட ஆசிரியர். திருத்த வேண்டிய வரியை ஒரு கடதாசியில் எழுதி உள்ளங்கைக்குள் வைத்திருந்தேன். ஒருவருடைய மாட்டுத் தொழுவத்தின் நீளம் பிழை என்று அரை மணிநேரம் பேசினார்கள். கடைசியில் தலைவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வேறு ஏதாவது?" என்றார். வாயைத் திறந்தால் குரல் நடுங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் நான் மட்டும்தான் பெண், நான் மட்டும்தான் கறுப்பு. பத்திரம் இல்லாத ஒன்றை ஏன் கேட்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் காத்திருந்தார். பிறகு "வேறொன்றுமில்லை" என்று எழுதிக்கொண்டார். கடதாசியிலிருந்த எழுத்து வியர்வையில் கரைந்திருந்தது.

அக்கா குசினி விளக்கைப் போட்டுக் காத்திருந்தார். "சொன்னியோ?"

"சொன்னன் அக்கா."

விழா நாளில் ஊர் முழுவதும் மேசை போட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அக்கா நல்ல சேலை உடுத்து வந்திருந்தார். பிரதியை வாங்கிப் பட்டியலில் வேவர் வீட்டைத் தேடி எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாசித்தார். மூடினார். "அச்சு நல்லா இருக்கு," என்றார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. நான் பிராங்பேர்ட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் கையேடுகள் எழுதும் வேலைக்கு வந்துவிட்டேன். முதலில் வாரத்துக்கொரு முறை கதைத்தோம், பிறகு மாதத்துக்கொரு முறை. குளிரா, மழையா, சாப்பிட்டியா. நாலு வருடம். வெள்ளிக்கிழமை எஸ்-பான் நகர ரயிலிலிருந்து இறங்கினால் திங்கள் காலைவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லாத வாரங்கள் எனக்கும் உண்டு. அப்படியான நாட்களில் தொலைபேசியை எடுப்பேன். எடுத்துவிட்டு வைத்துவிடுவேன். சொன்னேன் என்ற அந்தப் பொய் ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் அந்தக் குசினிக்குள் போய் இருந்தது.

செவ்வாய் மாலை பங்கு மண்டபத்துக்குப் போனேன். அதே ஆட்கள்தான், கொஞ்சம் வயதாகியிருந்தார்கள். அலுவலகப் பெண் என் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சங்கடத்தோடு இருந்தார். அவர்மேல் பிழையில்லை. எழுதியிருந்ததைத்தான் வாசித்தார். ஒஸ்ட்காம்ப் சுவரோடு நின்றார்.

எழுந்தேன். குரல் நடுங்கியது. நடுங்கியபடியே சொன்னேன். "இந்தப் பக்கத்தில் இருப்பது பிழை. அச்சாகும் முன்பே எனக்கு அது தெரியும். திருத்தச் சொல்ல வந்தேன், சொல்லாமல் இருந்தேன். அவரிடம் சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன்."

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "உறுதிப் பத்திரம் இல்லையே. வாடகைக்கு இருந்தவர்தானே. அச்சான புத்தகம் சொல்வதை ஒரு கூட்டம் மாற்றத் தொடங்கினால்..."

"ஒஸ்ட்காம்பின் மாமியார் இறந்த செய்தியை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தது யார்?"

இதைக் கேட்பதாக நான் நினைத்து வந்திருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேவர்," என்றார். பிறகு, "ஒன்பதாவது வீடு நாங்கள். நிற்கக்கூட முடியவில்லை அவருக்கு. செய்தியைப் பிழையில்லாமல் சொன்னார்." யாரோ மூக்கால் சிரித்தார்கள். "எட்டுச் சரணம் பாடினார்," என்றார் இன்னொருவர். ஒஸ்ட்காம்ப் சுவரிலிருந்து முதுகை எடுத்து, "அப்போ சரி," என்றார். அவ்வளவுதான். அலுவலகப் பெண் படிவத்தில் எதையோ வெட்டி எழுதினார். வெளியே போகும்போது தலைவர் என்னருகில் நின்று, "அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும்," என்றார். குற்றம் சாட்டவில்லை. தொழுவத்தின் நீளத்தைத் திருத்துவது போலச் சொன்னார்.

வியாழன் முன்கதவு திறந்தது. அயலில் ஆறு வீட்டிலிருந்து ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை, அவரவர் பக்கம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. யாத்திரை பஸ் ஆட்கள் பதினொரு பேர் வந்திருந்தீர்கள். நீங்கள் தமிழில் பாடி முடிக்கும்வரை அந்த ஊர் ஆண்கள் தொப்பியைப் போடாமல் நின்றதைக் கண்டிருப்பீர்கள். மதிலோரம், குடிகார மூத்தவருக்கும் அந்தத் தங்கச்சிக்கும் பக்கத்தில் அவரை வைத்தோம். பின்னேரம் நீங்கள் போன பிறகு நான் வீட்டை ஒழுங்குபடுத்தினேன். ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கதிரையில் மட்டும் தேய்ந்த மெத்தை. மேசைவிரிப்புகளின் அடியில் அவருடைய புத்தகப் பிரதி கிடந்தது. முதுகு மடியவே இல்லை. விழா நாளுக்குப் பிறகு அவர் அதைத் திறக்கவில்லை. விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தம்பி கனடாவிலிருந்து சொன்னார். நான் பிரதியை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு வேலை. ஒட்டுத்துண்டு அச்சடித்திருக்கிறேன், ஒரே வரி: "வேவர். கடைசி நெசவாளருக்குப் பின் திரேசா, இறக்கும்வரை." சனிக்கிழமைகளில் ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போய், ஒவ்வொரு வீட்டுப் பிரதியிலும் என் கையால் ஒட்டுகிறேன். அறுபது வீடு முடிந்துவிட்டது. ஷோல்ஸ் கிழவி துண்டை இரண்டு முறை வாசித்துவிட்டு, "எனக்கும் ஒன்று ஒட்டுவாயா?" என்று கேட்டார். உங்கள் வீட்டுக்குப் பெயர் இல்லையே என்றேன். "அதனால்தான் கேட்கிறேன்," என்றார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை ஓடைக்கு அப்பாலுள்ள ஆலை வீட்டுக்குப் போனேன். புத்தகம் எழுதிய வருடத்தில் அந்த வீட்டுக்கு நான் போகவே இல்லை. நாய்க்குப் பயந்து பத்திரங்களை வைத்தே எழுதிவிட்டேன். குசினிக் கதவின் மேற்பாதியைத் திறந்து ஒரு வயதான பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த வீடு?"

"வேவர்," என்றேன்.

அவர் நாயை அதட்டிவிட்டு, புத்தகத்தை எடுத்துவர உள்ளே போனார்.